நாடாளுமன்றத் தேர்தலும் சிறு பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர்களும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாச் சொற்பொழிவு வரிசையில், திருநகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக்கென்று தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துவரும் ஒரு கழகத்தின் மேடையில் தேர்தலைப் பற்றி, அதிலும் பெரும்பாலும் தோற்றுப்போகும் வேட்பாளர்களைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நான் அரசுப் பணியாளன். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை. அதற்காக நான் இங்கு வரவும் இல்லை. பத்தாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். "வெற்றி கிடைக்காது என்று தெரிந்தும் இவர்கள் ஏன் ஐயா நிற்கிறார்கள்?" பாடநூலில் இதற்கு விடை இல்லை. எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்ல முயல்கிறேன். நம் வட்டாரத்தில் அத்தகைய வேட்பாளர் என்றால் மக்கள் நினைவில் முதலில் வருபவர்கள் செங்கொடிக் கட்சியினர். ஆகவே அவர்களையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் இருப்பிடத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருநகர் மதுரை மாநகராட்சியைச் சேர்ந்தது. குடிநீர் வரியை நாம் மதுரைக்குத்தான் கட்டுகிறோம். ஆனால் நாடாளுமன்றத்திற்கு நாம் வாக்களிப்பது மதுரையில் அன்று. தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டபின், 2009 தேர்தல் முதல் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதி விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இதை அறியாமல், "நம் எம்.பி. சு. வெங்கடேசன்" என்று தேர்வில் எழுதும் மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் மதுரையின் உறுப்பினர். நம்முடையவர் மாணிக்கம் தாகூர்.

இனி 2014 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இந்திய கம்யூனிஸ்டு கட்சியும் மார்க்சிஸ்டு கட்சியும் அ.இ.அ.தி.மு.க.வோடு உடன்பாடு கண்டிருந்தன. பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள் ஜெயலலிதா அவர்கள் தமிழகம், புதுவை ஆகியவற்றின் நாற்பது தொகுதிகளுக்கும் தம் கட்சி வேட்பாளர்களை அறிவித்தார். தோழமைக் கட்சிகளுக்குப் பின்னர் இடம் ஒதுக்கப்படும் என்று சொல்லப்பட்டது, ஒதுக்கப்படவில்லை. மார்ச்சில் உறவு முறிந்தது. வேறு வழியின்றி இரு கட்சிகளும் ஒன்றுக்கொன்று துணையாக, ஆளுக்கு ஒன்பதாகப் பதினெட்டுத் தொகுதிகளில் தனித்து நின்றன. மதுரையில் விக்ரமன் நின்றார். நம் விருதுநகர்த் தொகுதியில் நின்றவர் கே. சாமுவேல்ராஜ்.

இந்தப் பெயரை நம் மக்கள் அறிவார்கள். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் பொதுச்செயலாளராகப் பணியாற்றியவர் அவர். பேரையூர் வட்டம் உத்தப்புரத்தில் ஊரை இரண்டாகப் பிரித்து நின்ற சுவரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2008 மே 6 ஆம் நாள் அரசு அதிகாரிகள் காவலர் புடைசூழ நின்று அச்சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தார்கள். மறுநாள் மார்க்சிஸ்டு கட்சியின் அன்றைய பொதுச்செயலாளர் பிரகாஷ் காரத் அவ்வூருக்கு வந்தார். அக்கட்சியும் அம்முன்னணியும் நடத்திய போராட்டம் இல்லையேல் அச்சுவர் அப்போது திறந்திருக்காது என்பதை மறுப்பவர் அரியர். ஆறு ஆண்டுகள் கழித்து அம்முன்னணியின் தலைவர் ஒருவர் நம் தெருவுக்கு வந்து வாக்குக் கேட்டார்.

விளைவு என்ன? தமிழகத்தின் 39 தொகுதிகளில் 37 ஐ அ.இ.அ.தி.மு.க. பெற்றது. பொதுவுடைமைக் கட்சிகள் நிறுத்திய பதினெட்டுப் பேரில் ஒருவரும் வெல்லவில்லை. மதுரையிலும் நம் தொகுதியிலும் அவர்களுடைய வைப்புத்தொகையும் திரும்பவில்லை.

ஆனால் அத்தேர்தலில் நம் தொகுதியில் வைப்புத்தொகை இழந்தவர்களில் இன்னொருவரும் உண்டு. அவர் அப்போது பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் மாணிக்கம் தாகூர்! இந்தியாவை நெடுங்காலம் ஆண்ட காங்கிரசுக் கட்சியும் அம்முறை தமிழகத்தில் தனித்து நின்றது. 2009 இல் வென்ற அதே வேட்பாளர் 2014 இல் வைப்புத்தொகை இழந்தார்; 2019 இலும் 2024 இலும் மீண்டும் வென்றார். மனிதர் ஒருவரே, கட்சியும் ஒன்றே. மாறியது கூட்டணி. எனவே ஒரு கட்சியைச் சிறிய கட்சி என்று கூறுவதற்கு முன், அது யாரோடு சேர்ந்து நின்றது என்று கேட்டுக்கொள்வது நலம்.

மதுரையின் வரலாறும் இதையே கூறும். 1952 முதற் பொதுத்தேர்தலில் மதுரை வடக்குச் சட்டமன்றத் தொகுதியில் வென்ற பி. இராமமூர்த்தி சிறையில் இருந்துகொண்டே வென்றவர். அந்தத் தேர்தலில் நாடாளுமன்ற மக்களவையில் 16 இடங்கள் பெற்ற கம்யூனிஸ்டு கட்சியே காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. 1957 இல் திருமங்கலத்தில் பிறந்த பாரிஸ்டர் கே.டி.கே. தங்கமணி மதுரையிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1964 இல் கட்சி பிளந்தது. 1967 இல் தி.மு.க. துணையோடு மார்க்சிஸ்டு கட்சியின் இராமமூர்த்தி மதுரையில் வென்றார். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வாய்ப்பு இல்லை. 1999 இல் அ.இ.அ.தி.மு.க. துணையோடும் 2004 இல் தி.மு.க. துணையோடும் பொ. மோகன் வென்றார், 2009 இல் தோற்றார். 2019, 2024 ஆகிய இரு தேர்தல்களிலும் தி.மு.க. அணியில் சு. வெங்கடேசன் வென்றார். அகில இந்திய நிலையில் 2004 இல் மார்க்சிஸ்டு கட்சிக்கு 43 உறுப்பினர்கள். 2024 இல் நான்கு பேர். இந்திய கம்யூனிஸ்டு கட்சிக்கு இரண்டு பேர். 2023 ஏப்ரலில் அது தேசியக் கட்சி என்னும் தகுதியையும் இழந்தது. முதற் பொதுத்தேர்தலில் பெற்ற கதிர் அரிவாள் சின்னத்தை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கும் கட்சிக்கு இந்த நிலை.

இவ்விரண்டினும் சிறிய பொதுவுடைமைக் கட்சிகள் பல உண்டு. அவற்றின் பெயர்களை எல்லாம் அடுக்கினால் மாணவர்கள் மனப்பாடப் பகுதி என்று அஞ்சுவார்கள். நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் கூறுகிறேன். உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த தா. பாண்டியன் அவர்கள், 1980களின் இறுதியில் உருவான இந்திய ஐக்கிய கம்யூனிஸ்டு கட்சியின் முன்னணித் தலைவர். அக்கட்சி மிகச் சிறியது. ஆயினும் அவர் 1989 இலும் 1991 இலும் வடசென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எப்படி? காங்கிரசின் கைச்சின்னத்தில் நின்றார். தேர்தல் ஆணையத்தின் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே காங்கிரசு என்றுதான் இருக்கும். அவருடைய கட்சி அங்கே இல்லை. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் அவரும் காயமுற்றார். பின்னாளில் தாய்க்கட்சிக்குத் திரும்பி அதன் மாநிலச் செயலாளராகவும் விளங்கி, 2021 இல் மறைந்தார். ஒரு சிறு கட்சி வெற்றி பெறுவதற்குக் கொடுக்க நேரும் விலை எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆள் அவைக்குள் சென்றார்; கட்சியின் பெயரும் சின்னமும் வெளியே நின்றன.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். மக்களவை வேட்பாளர் கட்டவேண்டிய வைப்புத்தொகை, மக்கள் வழக்கில் டெபாசிட், 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரூபாயாக இருந்தது. 1996 இல் 10,000 ஆயிற்று. பின்னர் 25,000 ஆக உயர்த்தப்பட்டது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு இதில் பாதி, அதாவது 12,500 ரூபாய். பலர் இச்சலுகை தனித்தொகுதிக்கு மட்டுமே உரியது என்று நினைக்கிறார்கள். அவ்வாறன்று. பொதுத்தொகுதியில் நின்றாலும் நம்மவர் கட்டவேண்டியது பாதிதான். சாதிச் சான்றிதழ் இணைத்தால் போதும்.

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால் பணம் திரும்பும். பத்து இலட்சம் செல்லத்தக்க வாக்குகள் என்று கொண்டால், 1,66,667 வாக்குகள் தேவை. ஒன்றரை இலட்சம் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவரும் டெபாசிட் இழந்தவராகவே மறுநாள் செய்தித்தாளில் ஏளனம் செய்யப்படுகிறார். ஒன்றரை இலட்சம் பேர் என்றால் ஒரு நகரம் ஐயா!

இன்னும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை அத்தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். அங்கீகாரம் பெறாத கட்சி வேட்பாளருக்கும் சுயேச்சைக்கும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். வாக்குப்பதிவு எந்திரத்திலும் அங்கீகாரம் பெற்றோரின் பெயர்கள் முதலில்; மற்றவை பின்னால். செலவு வரம்போ பெரிய மாநிலங்களில் மக்களவைக்கு 95 இலட்சம் ரூபாய். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தெருத்தெருவாகத் தண்டி எடுப்பவருக்கு அவ்வரம்பு பாதுகாப்பா, பரிகாசமா என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

வாக்குச்சாவடிக்குள் நடப்பது எனக்கு நன்கு தெரிந்த பகுதி. ஆசிரியர் பலரைப் போல நானும் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். வேட்பாளர்களின் முகவர்கள் எந்த வரிசையில் அமரவேண்டும் என்பதற்கு விதி உண்டு. முதலில் தேசியக் கட்சிகள், அடுத்து மாநிலக் கட்சிகள், அடுத்து பிற மாநிலத்தில் அங்கீகாரம் பெற்று இங்கே தம் சின்னத்தில் நிற்பவை, பிறகு பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். இவ்விதியை எழுதியவர்கள் ஒழுங்கு கருதி எழுதினார்கள். ஆனால் நம் நாட்டுச் சிற்றூர்களில் யார் எங்கே அமர்வது என்பதற்கு எழுதாத விதி ஒன்று ஏற்கெனவே இருக்கிறதல்லவா?

ஒரு சிற்றூர்ச் சாவடியில், ஊர்ப்பெயர் வேண்டாம், பதிவு மட்டும் பெற்ற ஒரு பொதுவுடைமைக் கட்சியின் முகவராக நம் மக்களில் ஓர் இளைஞர் வந்தார். கொத்தனாரிடம் கையாளாக வேலை செய்பவர். அங்கிருந்த முகவர்களில் மூத்தவர் ஒருவர் அவரை ஏறிட்டுப் பார்த்து, "நீ எங்கேப்பா இங்கே?" என்றார். இளைஞர் மறுமொழி சொல்லாமல் முகவர் நியமனப் படிவத்தை என்னிடம் நீட்டினார். வேட்பாளரின் கையொப்பம் ஒத்திருந்தது. அவர் பெயர் அச்சாவடி வாக்காளர் பட்டியலிலும் இருந்தது. "படிவம் செல்லும், உட்காருங்கள்" என்றேன். வரிசையில் அவருக்குக் கடைசி நாற்காலி. மாதிரி வாக்குப்பதிவு முடிந்து எந்திரத்திற்கு முத்திரை வைக்கும்போது, எண்களை உரக்கப் படித்துத் தம் தாளில் குறித்துக்கொண்டவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் தேநீருக்குச் சென்றிருந்தார்கள். நண்பகலில் எங்கள் குடியிருப்பிலிருந்து வந்த மூதாட்டி ஒருவரின் அடையாளத்தில் ஐயம் எழுப்பப்பட்டபோது, "இவரை எனக்குத் தெரியும், வரிசை எண் இது" என்று எழுந்து சொன்னவரும் அவரே. முறைப்படி ஆட்சேபிப்பதாயின் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம் என்று நான் கூறியதும் ஐயம் தானாகவே தீர்ந்துவிட்டது.

மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதி, அங்கிருக்கும் முகவர்கள் அனைவருக்கும் ஒப்புதல் பெற்றுப் படி தருவது என் கடமை. அவர் அதை வாங்கிப் பார்த்து, "ஐயா, இதில் எங்களுக்கு எத்தனை என்று இல்லையே?" என்றார். மொத்தம் எத்தனை என்பது மட்டுமே அதில் இருக்கும். யாருக்கு எத்தனை என்பது எண்ணும்போதுதான் தெரியும். இந்த மொத்தமும் அந்த மொத்தமும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே இத்தாள் என்று விளக்கினேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவ்வூரில் அவ்விருவரும் ஒரே வரிசையில் ஒரு பகல் முழுதும் நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதன்முறை என்று உதவியாளர் ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார். அந்த வேட்பாளர் வென்றிருக்கமாட்டார். ஆனால் அவர் நிற்காதிருந்தால் அந்த நாற்காலி அங்கே இருந்திராது.

இது சிறிய செய்தி என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்தை அறியாதவர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996 இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே தலைவர் நிலைத்துப் பணியாற்ற இயலவில்லை. வேட்புமனு போடவே ஆள் துணியாத நிலை. 2006 இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவை ஊராட்சித் தேர்தல்கள். நாடாளுமன்றத் தேர்தல் வேறு என்பது உண்மை. ஆனால் வேட்புமனு என்னும் ஒரு தாள் எவ்வளவு கனமானது என்பதை இந்த மாவட்டத்தில் பிறந்தவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வடக்கே பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலும் இதே கதை நடந்தது. அங்கே மார்க்சிய லெனினியக் குழு ஒன்றின் ஆதரவில் இயங்கிய இந்திய மக்கள் முன்னணி, 1989 தேர்தலில் ஆரா தொகுதியில் இராமேசுவர் பிரசாத் என்பவரை நிறுத்தியது. 1969 இல் தேர்தலே வேண்டாம் என்று அறிவித்த மரபிலிருந்து வந்தவர்கள், இருபது ஆண்டுகள் கழித்து வாக்குக் கேட்டார்கள். நிலமற்ற தலித் மக்கள் பலர் அன்றுதான் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார்கள். அதற்குமுன் அவர்கள் வாக்கைப் பிறர் போட்டுவந்தார்கள். அந்தத் துணிவுக்காகத் தன்வார் பிஹ்டா என்னும் ஊரில் நிலவுடைமையாளர் ஆட்கள் அவர்களைச் சுட்டுக்கொன்றார்கள். வேட்பாளர் வென்றார். பிறகு 2024 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அத்தொகுதி அவ்வியக்கத்திற்குக் கிட்டவில்லை. அந்த ஆண்டு சி.பி.ஐ. (எம்.எல்.) லிபரேசன் கட்சி ஆராவிலும் காராகாட்டிலும் வென்றது. இடையில் தோற்ற தேர்தல்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் அவர்கள் நின்றார்கள். வாக்களிக்கும் பழக்கம் அம்மக்களிடம் தங்கிவிட்டது.

இவ்வளவு கூறியபின் குறையையும் கூறாவிட்டால் என் பேச்சு ஒருதலையாகும். பொதுவுடைமைக் கட்சிகள் நம் மக்களுக்கு என்ன இடம் தந்தன? தஞ்சைத் தரணியில் கூலிக்காகவும் மானத்திற்காகவும் அவர்கள் நடத்திய போராட்டங்களை நாம் மறக்கக்கூடாது. நாகப்பட்டினம் தொகுதியில் 1977 இல் வென்ற எஸ்.ஜி. முருகையன் 1979 சனவரியில் பதவியில் இருக்கும்போதே கொலையுண்டார். அதே தொகுதியில் நான்கு முறை வென்ற மு. செல்வராசு 2024 இல் மறைந்தார். ஆயினும் தனித்தொகுதிக்கு வெளியே நம்மவரை நிறுத்தும் துணிவு அவர்களிடமும் அரிதாகவே காணப்படுகிறது. 1964 இல் தோன்றிய மார்க்சிஸ்டு கட்சியின் அரசியல் தலைமைக்குழுவில் தலித் ஒருவர், இராமச்சந்திர டோம், இடம்பெற்றது 2022 இல்! ஐம்பத்தெட்டு ஆண்டுகள். இந்திய கம்யூனிஸ்டு கட்சியில் து. இராசா 2019 இல்தான் பொதுச்செயலாளரானார். வர்க்கம் என்று பேசுபவர்களிடம் சாதி எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அண்ணல் அம்பேத்கர் அதைக் கேட்டார்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப்படுகிறது. 2014 இல் அவர்கள் தனித்து நின்றது இடம் மறுக்கப்பட்டதால். தாமே விரும்பி எடுத்த முடிவு அன்று. 2019 இல் கூட்டணி கிடைத்ததும் நம் விருதுநகர்த் தொகுதி வேறு கட்சிக்குப் போயிற்று. சாமுவேல்ராஜ் அவர்களுக்கு 2014 இல் விழுந்த வாக்குகளை அளித்தவர்கள், அடுத்த தேர்தலில் அச்சின்னத்தைத் தேடியபோது எந்திரத்தில் அது இல்லை. ஆராவில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒரு தொகுதியில் ஒருமுறை நின்று மறுமுறை மறைவதைவிட, நாலு சிற்றூர்ச் சாவடிகளிலாவது தம் முகவரை ஒவ்வொரு தேர்தலிலும் அமர்த்துவது நம் மக்களுக்குப் பயன் தரும் என்பது என் தனிப்பட்ட கருத்து. கூட்டணிக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் கணக்கும் பொய்யன்று. 2024 இல் நம் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட வேறுபாடு 4,379 வாக்குகள் மட்டுமே. சிறு கட்சி ஒன்று ஐயாயிரம் வாக்குகளைப் பிரித்தாலும் உறுப்பினர் மாறிவிடுவார் என்னும்போது, அவர்களைத் தனியே நில்லுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நான் இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

வேட்புமனுப் படிவம், முகவர் நியமனப் படிவம், 17சி படிவம் ஆகியவற்றின் வெற்றுப் படிகளைக் கழக நூலக மேசைமேல் வைத்திருக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் தம் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துக்கொள்ளலாம். பட்டியலும் அங்கே இருக்கிறது. தலைவர் அவர்கள் எனக்களித்த நேரம் முடிந்துவிட்டது. ஐயங்கள் இருப்பின் எழுந்து கேளுங்கள்.